வாசல் வெளிச்சத்தில் ஒரு பவளம்

தி.நகரில் பட்டுப்புடவை எடுக்கப் போனவர்கள் கவனித்திருப்பீர்கள். கடைக்குள் நூறு விளக்கு எரியும். அத்தனை வெளிச்சத்திலும் திருப்தி வராமல் பாட்டியோ அத்தையோ புடவைத் தலைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடப்பார்கள். 'வெளிச்சத்துல பாக்கணும்ப்பா' என்பார்கள். கடைக்காரரும் கோபித்துக்கொள்ள மாட்டார். உள்ளே மயில் கழுத்தாக மினுங்கியது வாசலில் வெறும் பச்சையாகத் தெரிந்தால், 'வேற காட்டுங்க.' இதைவிடக் கச்சிதமான விமர்சன முறையை நான் இதுவரை சந்தித்ததில்லை.

எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்த வாரம் நான் விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பது ஒரு விளக்கை. சிங்கப்பூரில் என் அக்கா பையன் வீட்டு ஹாலில், ஒரு கண்ணாடித் தொட்டிக்கு மேல் தொங்குகிறது. அதன் விலையைக் கேட்ட அக்கா, 'அந்தக் காசுக்கு ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கியிருக்கலாம்' என்றாள். ஃப்ரிட்ஜுக்குள் எரியும் விளக்கை யாரும் விமர்சனம் செய்வதில்லை. இதைச் செய்யவேண்டியிருக்கிறது. காரணம், இதற்குக் கீழே சில உயிர்கள் இருக்கின்றன.

தொட்டியை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டடி நீளம், ஒன்றேகால் அடி உயரம், சுமார் 90 லிட்டர் உப்புத் தண்ணீர். இரண்டு கோமாளி மீன்கள், ஒரு இறால், நாலைந்து நத்தைகள். இவர்களெல்லாம் துணை நடிகர்கள். கதாநாயகர்கள் பவளங்கள். விரல் நுனி அளவுத் துண்டுகளாக வாங்கிவந்து, பாறைமேல் பசை போட்டு ஒட்டி, குழந்தைபோல வளர்க்கிறான்.

'பவளம்' என்றதும் நம்மவர்களுக்கு மோதிரம் ஞாபகம் வரும். செவ்வாய்க்காக ஜோசியர் போட்டுக்கொள்ளச் சொல்லும் சிவப்புக் கல். அது வேறு ஜாதி. மத்தியதரைக் கடலில், வெயில் சரியாக எட்டாத மங்கலான இடங்களில் வளர்வது. பாறை கட்டுகிற பவளம் அப்படியில்லை. வெளிச்சம் இல்லாவிட்டால் அதற்குச் சோறு இல்லை. தன் தசைக்குள் லட்சக்கணக்கில் ஒற்றைச் செல் பாசிகளைக் குடிவைத்திருக்கிறது. பாசி வெயிலில் சமைக்கும். சமைத்ததில் பெரும்பகுதியை வாடகையாகக் கொடுத்துவிடும். பதிலுக்குப் பவளம் இடமும் உரமும் தரும். இந்தப் பாசியின் நிறம் பழுப்பு. ஆகவே ஆரோக்கியமான பவளங்களில் பல - சொன்னால் ஏமாற்றமாக இருக்கும் - காப்பிப்பொடி நிறத்தில்தான் இருக்கும்.

ஆக, தொட்டிக்கு மேல் தொங்குவதை விளக்கு என்பதைவிட அடுப்பு என்பது பொருத்தம்.

முன்பு இருந்த அடுப்பு, டி-5 என்கிற ஒல்லி ட்யூப் லைட் இரண்டு. தலா 24 வாட். ஒன்று வெள்ளை, ஒன்று நீலம். சலூன் கடை வெளிச்சம்போல மூலை முடுக்கெல்லாம் சமமாக விழும். நிழலும் இல்லை, நாடகமும் இல்லை. ஒரே தொந்தரவு, ஒன்பது பத்து மாதத்துக்கு ஒரு முறை மாற்றவேண்டும். எரிந்துகொண்டேதான் இருக்கும், ஆனால் தெம்பு போய்விடும். அதுவும் இப்போது அந்திமக் காலத்தில் இருக்கிறது. 2023 ஆகஸ்டிலிருந்து ஐரோப்பிய யூனியனில் பொது உபயோகத்துக்கான டி-5, டி-8 ட்யூப்களைப் புதிதாகச் சந்தைக்குக் கொண்டுவர முடியாது. உள்ளே பாதரசம் இருப்பதுதான் காரணம்.

எனவே பையன் 'அப்கிரேட்' செய்தான். புதுசு ஒரு எல்.ஈ.டி. தோசைக்கல்லைவிடச் சின்னது. 90 வாட். ஊதா, கருநீலம், நீலம், வெள்ளை, பச்சை, சிவப்பு என்று ஆறு வரிசை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செல்போனிலிருந்து கூட்டலாம், குறைக்கலாம். காலையில் மெல்ல விடியும். சாயங்காலம் மெல்ல அஸ்தமிக்கும். ராத்திரி நிலா. நடுவில் மேகம் கடந்துபோகும். வேண்டுமானால் மின்னல் வெட்டும்.

'மின்னல் எதுக்குடா பவளத்துக்கு?'

'அதுக்கில்ல மாமா, நமக்கு' என்றான்.

சாதனத்தைப் பற்றிய முழு உண்மையையும் அறியாமல் சொல்லிவிட்டான்.

முதலில் பாராட்டு. இந்த விளக்கில் எனக்கு மிகவும் பிடித்தது, மணலில் ஓடும் ஒளிக்கோடுகள். தண்ணீரின் மேல்பரப்பு அசைய அசைய, வலை பின்னியதுபோல வெளிச்சம் நெளிந்துகொண்டே இருக்கிறது. ராமேஸ்வரத்துக் கரையோரம் முழங்கால் ஆழத்தில் குனிந்து பார்த்தால் தெரியுமே, அதேதான். ஒரு புள்ளியிலிருந்து புறப்படும் வெளிச்சத்துக்குத்தான் இது வரும். வெயிலுக்கு வரும், இதற்கு வருகிறது. நீளமான ட்யூபுக்கு வராது. நிழலும் விழுவதால் பாறைக்குக் கனம் வந்திருக்கிறது. முன்பு காலண்டர் படம்போல இருந்தது இப்போது ஒரு இடம்போல இருக்கிறது. சூடும் தண்ணீருக்குள் அதிகம் இறங்காமல் மேலே போய்விடுகிறது. முன்பெல்லாம் இதே வேலைக்கு மெட்டல் ஹாலைட் என்று ஒன்று தொங்கவிடுவார்கள். அதன் சூட்டைச் சமாளிக்கத் தண்ணீரைக் குளிரவைக்கத் தனி மெஷின் வாங்கவேண்டிவரும்.

குறை என்று பார்த்தால், பச்சை, சிவப்பு பல்புகள் தனித்தனியாக உட்கார்ந்திருப்பதால், நிழல்களின் ஓரத்தில் வானவில் பிசிறு அடிக்கிறது. மணலில் கல்யாண ரிசப்ஷன் மேடை வெளிச்சம். சின்னக் குறை. அந்த இரண்டு வரிசையையும் குறைத்துவிட்டால் சரியாகிவிடும்.

பெரிய குறை வேறு. அது விளக்கில் இல்லை, ரசனையில் இருக்கிறது.

நான் போயிருந்தபோது தொட்டி முழுக்க நீலமாக இருந்தது. வெறும் நீலமில்லை, ஹாலில் உட்கார்ந்திருப்பவர்களின் பற்கள் மினுங்குகிற நீலம். அதற்குள் பவளங்கள் ரேடியம் தடவியதுபோலப் பச்சையாகவும் ஆரஞ்சாகவும் எரிந்தன. ஒன்றில் இளஞ்சிவப்பு ஓரம். வந்தவர்களெல்லாம் வாய் பிளந்தார்கள். போனில் படம் எடுத்தால் எல்லாம் நீலமாகவே விழுகிறது என்று அதற்கென்றே ஆரஞ்சு நிறக் கண்ணாடி வில்லை ஒன்றும் வாங்கிவைத்திருந்தான்.

'கடையிலயும் இப்படித்தான் வெச்சிருப்பாங்க மாமா. எல்லாருமே இப்படித்தான் வெச்சிருக்காங்க.'

புரிந்தது. புடவைக் கடை. நகம் அளவுத் துண்டுக்கு டிராகன், ரெயின்போ என்று நாமகரணம் செய்து நீலத்தில் காட்டி விற்கிறார்கள். இங்கே வாசலும் கிடையாது. தொட்டித் தண்ணீரிலிருந்து எடுத்து யாரும் தெருவுக்கு நடக்க முடியாது. அதனால் வாங்குகிறவர் தன் வீட்டையே கடை மாதிரி ஆக்கிக்கொள்கிறார்.

நீலத்துக்கு நியாயம் இல்லாமல் இல்லை. கடல் நீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். பத்து மீட்டர் இறங்குவதற்குள் சிவப்பின் பெரும்பகுதி போய்விடும். ஆழத்துக்குப் போகப் போக மிஞ்சுவது நீலம். பாசியும் அந்த நீலத்தைப் பிடித்துச் சமைக்கப் பழகியிருக்கிறது. ஆகவே நீலம் கொடுப்பதில் தப்பே இல்லை. தப்பு, எவ்வளவு கொடுக்கிறோம் என்பதை நம் கண்ணை வைத்து முடிவு செய்வதில்.

இங்கேதான் பையன் மாட்டிக்கொண்டான்.

மனுஷக் கண் பச்சைக்குத்தான் கூர்மை. 555 நானோமீட்டர் என்று சொல்கிற மஞ்சள் கலந்த பச்சையில் அதன் உச்சம். இந்த விளக்குகளில் பிரதானமாக இருக்கும் 450 நானோமீட்டர் கருநீலத்தை, அதோடு ஒப்பிட்டால் சுமார் 25-ல் ஒரு பங்குதான் உணர்கிறது. அதாவது நீலத்தை எவ்வளவு கொட்டினாலும் நமக்கு 'கொஞ்சம் டிம்மா இருக்கே' என்றுதான் படும். பையன் முதல் நாள் ட்யூபைக் கழற்றிவிட்டு இதை மாட்டினான். டிம்மாக இருந்தது. ஏற்றினான். இன்னும் டிம். நூறு சதவிகிதம் வைத்தான். அப்பாடா, அழகாக இருந்தது. லக்ஸ் அளக்கிற ஆப் ஒன்றும் போனில் இருந்தது. அதுவும் 'கம்மிதான்' என்றது. லக்ஸ் என்பது மனுஷக் கண்ணுக்காக ஏற்பட்ட அளவு. நம் கண் செய்கிற அதே தப்பை அதுவும் டெசிமல் புள்ளியோடு செய்யும்.

பவளத்துக்கு வேறு கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு எத்தனை ஒளித்துகள் விழுகிறது என்று எண்ணவேண்டும். அதற்கு 'பார்' மீட்டர் என்று தனியாக இருக்கிறது. உச்சி வெயில் சுமார் 2000 என்றால், மென்மையான பவளங்களுக்கு 50-லிருந்து 150 வரை போதும். கிளை விடுகிற கல் பவளங்களுக்கு 200, 300 தேவைப்படும். பையன் பிற்பாடு ஒரு சக பக்தரிடம் மீட்டரை இரவல் வாங்கி அளந்தபோது, அதே பாறையில், ட்யூப் லைட் காலத்தில் 110. புது விளக்கு முழு வேகத்தில் 420. ஒரே ராத்திரியில் நாலு மடங்கு. மார்கழியிலிருந்து நேராகக் கத்திரி வெயிலுக்கு.

பத்து நாள் வரை எல்லாம் பிரமாதம். சொல்லப்போனால் அந்தப் பத்து நாளில் நிறங்கள் முன்னெப்போதையும்விடத் தூக்கலாக இருந்தன. தட்டையாகப் படரும் ஒரு மாண்டிபோரா ஓரமெல்லாம் ரோஸ் நிறத்தில் ஜொலித்தது. படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினான். எனக்கும் வந்தது. நானும் ஒரு கட்டைவிரலை உயர்த்தி அனுப்பினேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. இரண்டாவது வாரம் அதன் நடுப்பகுதி வெளுத்தது. மூன்றாவது வாரம் கோலப்பொடி மாதிரி வெள்ளை.

வெளிச்சம் அளவுக்கு மீறினால் பாசியின் சமையல் கட்டுக்கடங்காமல் போய், நச்சான ஆக்ஸிஜன் சேர்மங்கள் உண்டாகின்றன. பவளம் வேறு வழியில்லாமல் பாசியை வெளியே தள்ளிவிடும். பாசி போனால் தசை கண்ணாடி மாதிரி. உள்ளே இருக்கும் சுண்ணாம்பு எலும்பு தெரிகிறது. அதுதான் வெளுப்பு. செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை, பட்டினி ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

வெளுப்பதற்கு முன்னால் வந்த அந்த ஜொலிப்பு என்ன? இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

பவளம் தானாகவே சில நிறப் புரதங்களைச் செய்கிறது. நீலம் விழுந்தால் பச்சையாகவோ சிவப்பாகவோ திருப்பி உமிழும் புரதங்கள் அதில் உண்டு. இந்தக் குடும்பத்தின் மூத்த உறுப்பினரை ஒரு ஜெல்லி மீனிலிருந்து 1962-ல் பிரித்தெடுத்தவர் ஒஸாமு ஷிமோமுரா. பச்சை ஒளிர் புரதம் என்று பெயர். அதற்காக 2008-ல் வேதியியல் நோபல் பரிசை இன்னும் இருவரோடு பகிர்ந்துகொண்டார். சிவப்பாக ஒளிரும் உறவினரை 1999-ல் ரஷ்ய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். எங்கே? கடலில் இல்லை. மாஸ்கோவில், மீன் தொட்டியில் வளர்ந்த ஒரு காளான் பவளத்தில். வீட்டுத் தொட்டிக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். தொட்டிக்கு மேலேயும் ஒரு நோபல் தொங்குகிறது: பளிச்சிடும் நீல எல்.ஈ.டி.யை 1993-ல் நகமுரா சாத்தியமாக்கினார். அகாஸாகி, அமானோ இருவருடன் 2014-ல் இயற்பியல் பரிசு. தண்ணீருக்கு மேலே ஒரு நோபல், கீழே ஒரு நோபல். நடுவில் பையன், செல்போனோடு.

இந்தப் புரதங்கள் எதற்கு? நம் கண்ணுக்கு விருந்து வைக்கவா? ஆழமில்லாத இடத்தில் அவை குடை. பாசியின்மேல் விழும் அதிக வெளிச்சத்தை உறிஞ்சித் தணிக்கின்றன. ஆழத்தில் வாழும் சில பவளங்களில் நேர்மாறாக, அவை விளக்கு. வருகிற சொற்ப நீலத்தை ஆரஞ்சு சிவப்பாக மாற்றித் தசையின் உள்ளறைகளில் இருக்கும் பாசிக்குக் கொண்டுசேர்க்கின்றன. இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் இதையே வேலையாக வைத்திருக்கிறார்கள். 2020-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று: லேசான வெப்பத் தாக்குதலில் பாசியை இழக்கும் பவளங்களில் சில, வெளுப்பதற்குப் பதில் பளீரென்று நிறம் கூடுகின்றன. பாசி போனதும் வெள்ளை எலும்பில் வெளிச்சம் பட்டு எதிரொலித்து உள்ளுக்குள் எகிறுகிறது. அதிலும் நீலம், குடைப் புரதம் செய்யும் மரபணுக்களைத் தட்டி எழுப்புகிறது. குடை விரிந்தால் நிழல் கிடைக்கும். நிழலில் பாசி திரும்பி வர வாய்ப்பு உண்டு.

அந்த ரோஸ் ஓரம், நாங்கள் கட்டைவிரல் உயர்த்தியது, ஓர் உயிர் அவசரமாகக் குடை விரித்த காட்சி.

எல்லா ஜொலிப்பும் வேதனை என்று சொல்லவரவில்லை. சௌக்கியமாக இருக்கும் பவளமும் ஒளிரும். ஆனால் நீலத்தை மட்டும் போட்டுப் பார்த்தால், சௌக்கிய ஜொலிப்புக்கும் சங்கட ஜொலிப்புக்கும் வித்தியாசம் நமக்குத் தெரியாது. பழுப்பு என்கிற அடிப்படை நிறத்தை, அதாவது பாசி இருக்கிறதா போய்விட்டதா என்கிற முக்கியமான செய்தியை, அந்த வெளிச்சம் மறைத்துவிடுகிறது. அதுதான் என் புகார்.

இதே ஜொலிப்பைக் கடலில் பார்க்க விரும்புகிறவர்கள் 'சேஸிங் கோரல்' என்ற டாக்குமெண்டரியைப் பார்க்கலாம். 2017-ல் நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. ஜெஃப் ஒர்லோவ்ஸ்கி இயக்கியது. சன்டான்ஸில் பார்வையாளர் விருது வாங்கியது. அதில் வரும் ஸாக் ரேகோ என்ற இளைஞர், கடலே இல்லாத கொலராடோவில் இருந்துகொண்டு பவளத் தொட்டி வளர்க்கிறவர். கடலடியில் காமிராவை நிறுத்திவைத்து வெளுப்பைப் படம்பிடிக்கப் போகிறார்கள். காமிரா ஃபோகஸ் தவறிச் சொதப்புகிறது. கடைசியில் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில், நாள் தவறாமல் அவர்களே மூழ்கி, ஒரே இடங்களைக் கையால் படம் எடுக்கிறார்கள். தன் தொட்டியில் செல்லமாக வளர்த்த அதே ஜாதிகள் நாளுக்கு நாள் சாவதைத் தினம் போய்ப் பார்க்கவேண்டிய வேலை. அந்தப் பையன் முகத்தில் படம் இருக்கிறது. 2016-ன் அந்த வெப்பத்தில் கிரேட் பேரியரின் ஆழமில்லாப் பவளங்களில் சுமார் 30 சதவிகிதம் செத்துப்போனது.

அதே படத்தில் நியூ கலிடோனியாவில் ஒரு கட்டம். பவளங்கள் வெளுக்காமல், மஞ்சளும் ஊதாவும் நீலமுமாக நியான் போர்டு மாதிரி எரிகின்றன. அவ்வளவு அழகான காட்சியை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. அது சாவுக்கு முந்தின குடை என்று படமே சொல்லிவிடுகிறது. படத்தின்மேல் எனக்கு ஒரு மனஸ்தாபம் உண்டு. பல இடங்களில் பின்னணி இசை நம்மை அழச்சொல்லி முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது. இந்தக் கட்டத்துக்கு இசையே தேவையில்லை. ஆனால் ஒன்றைச் சரியாகச் செய்திருக்கிறார்கள்: அழகைக் காட்டிவிட்டு, அது என்ன என்று சொல்கிறார்கள். வீட்டு விளக்கு முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறது.

இந்தப் பொழுதுபோக்கு இப்படி ஆரம்பிக்கவில்லை என்பது சுவாரஸ்யம். ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர், பாறையும் பவளமுமாகக் கடலின் ஒரு துண்டையே தொட்டிக்குள் வைத்து, மெல்லக் காற்றுக் குமிழி விட்டு, சூரிய வெளிச்சத்திலேயே வளர்த்தார். 1961-ல் அதை ஓர் அமெரிக்க மீன் வளர்ப்புப் பத்திரிகையில் எழுதினார். இன்றைய வீட்டுத் தொட்டிகளின் கொள்ளுத் தாத்தா அவர்தான். பின்னால் குளிர்நாடுகளுக்குப் போனபோது வெயில் இல்லாமல் ட்யூப் வந்தது, ஹாலைட் வந்தது, எல்.ஈ.டி. வந்தது. இப்போது அது பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், ஜகார்த்தாவிலிருந்து ரொம்ப தூரம் இல்லாத சிங்கப்பூருக்கே திரும்பி வந்திருக்கிறது. பதினோராவது மாடி ஜன்னலுக்கு வெளியே வருஷம் பூராவும் பன்னிரண்டு மணி நேர அசல் வெயில். திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு, உள்ளே போலிச் சூரியன், போலி மேகம், போலி மின்னல்.

'வெயிலை உள்ள விட்டா தண்ணி சூடாயிடும் மாமா. கண்ணாடியெல்லாம் பாசி புடிச்சுடும்.'

வாஸ்தவம். சின்னத் தொட்டிக்கு அசல் சூரியன் கொஞ்சம் ஓவர்தான். விளக்கு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை.

தீர்ப்பு என்னவென்றால், விளக்கு நல்ல விளக்கு. வாங்குகிறவர்கள் நாலு விஷயம் கவனித்தால் போதும். ஒன்று, மாட்டிய அன்றைக்குப் பழைய விளக்கின் அளவுக்கே குறைத்துவைப்பது. 25, 30 சதவிகிதத்தில் ஆரம்பித்து, வாரம் ஐந்து ஐந்தாக ஏற்றலாம். இரண்டு, கண்ணையும் போன் ஆப்பையும் நம்பாமல் ஒரு நாளைக்காவது பார் மீட்டர் இரவல் வாங்குவது. மூன்று, எட்டு, பத்து மணி நேரத்துக்கு மேல் எரியவிடாமல் இருப்பது. பவளத்துக்கும் ராத்திரி உண்டு. நான்கு, தினம் ஒரு மணி நேரமாவது முழு வெள்ளை வெளிச்சம். இது பவளத்துக்காக இல்லை, வளர்க்கிறவருக்காக. பாட்டி வாசலுக்கு நடக்கிற மாதிரி.

மின்னலைப் பற்றித் தனி அபிப்பிராயம் எதுவும் இல்லை. ஒரு நாள் ராத்திரி போட்டுக் காட்டினான். கோமாளி மீன்கள் இரண்டும் பாறைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டன. அதுவே விமர்சனம்.

இதைப் படித்துவிட்டுச் சென்னையில் யாராவது உற்சாகமாகத் தொட்டி வாங்கக் கிளம்பினால் ஒரு வார்த்தை. பாறை கட்டும் பவளங்கள் 2001-லிருந்து நம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கிற அதே அட்டவணை. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டு எடுத்தாலும் குற்றம். அதற்குக் காரணமும் உண்டு. அங்கே பவளத்தை வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் கொட்டிய காலம் ஒன்று இருந்தது. 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்த 21 தீவுகளில் இரண்டு இப்போது தண்ணீருக்கு அடியில். சிங்கப்பூரிலும் கல் பவளத்தைச் சும்மா கொண்டுவந்துவிட முடியாது. சர்வதேச ஒப்பந்தப்படி பர்மிட் வேண்டும். பையன் தன்னுடையதெல்லாம் பண்ணையில் வளர்த்த துண்டுகள் என்று ரசீது காட்டினான். நான் கேட்காமலே காட்டினான் என்பதால் நம்பினேன்.

2024 ஏப்ரலில், உலகம் முழுக்க நான்காவது முறையாகப் பவளங்கள் வெளுத்துக்கொண்டிருக்கின்றன என்று விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அங்கே விளக்கைக் குறைக்கிற பொத்தான் இல்லை. பையன் வீட்டில் இருந்தது. 30 சதவிகிதத்துக்கு இறக்கினான். வெளுத்த மூன்று துண்டுகளில் ஒன்றின்மேல் பச்சைப் பாசி படர்ந்துவிட்டது, அது போயிற்று. ஒன்று இரண்டுங்கெட்டானாக நிற்கிறது. நான் ஊருக்குக் கிளம்பும் அன்று மத்தியானம் எனக்காக வெள்ளை வெளிச்சம் போட்டான். மொத்தத் தொட்டியும் சட்டென்று வயசானதுபோல இருந்தது. அவன் ஆறு வயசுப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, 'அய்யே, சேறு மாதிரி இருக்கு' என்றாள்.

போன வாரம் படம் ஒன்று அனுப்பியிருந்தான். ஆரஞ்சு வில்லை இல்லாமல், வெள்ளை வெளிச்சத்தில் எடுத்தது. ஜொலிப்பு எதுவும் இல்லை. அந்த மாண்டிபோராவின் ஓரத்தில், நல்லெண்ணெய்க் கறை மாதிரி லேசாக, ஒரு பழுப்பு.

கீழே எழுதியிருந்தான்: 'வாசல் வெளிச்சம், மாமா. பாசி வருது.'

இந்த முறை யோசித்துத்தான் கட்டைவிரலை உயர்த்தினேன்.